மைப்பேனாவும் மேசை மேல் இருக்கும் மற்ற பிரியங்களும்

பேனா பிடித்துப்போனவர்கள் அதைப் படம் எடுத்துப் போடுவது வழக்கம்தான். மூடி கழற்றிய பேனா, பக்கத்தில் மைப்புட்டி, கீழே "அருமையா எழுதுது" என்று ஒரு வரி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதை நம்பி அதே பேனாவை வாங்கியவர் வேறு மையை ஊற்றி வேறு தாளில் எழுதிப் பார்த்தால் கீறும், திக்கும், பின்பக்கம் ஊறும். பேனா அதேதான், சேர்மானம்தான் மாறிவிட்டது. நிப், மை, தாள், பிடிக்கிற கோணம் நாலும் சேர்ந்துதான் ஒரு கோடு விழுகிறது. பிடித்ததைச் சொல்வதென்றால் நாலையும் சேர்த்துச் சொன்னால்தான் கேட்பவருக்கு உதவும். இந்தப் பதிவில் முக்கால்வாசி மைப்பேனா. கடைசியில் பென்சில், ரப்பர், கிளிப் என்று கொஞ்சம்.

முதலில் பேனா வேலை செய்யும் விதம். மைப்புட்டியைக் கவிழ்த்தால் மை கொட்டுகிறது, பேனாவைக் கவிழ்த்துப் பிடித்தால் ஏன் கொட்டுவதில்லை? நிப்புக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் நாக்குதான் காரணம். அதன் மேல்புறத்தில் நெடுக நூலளவுக்குப் பள்ளம் ஓடும். நுண்புழை ஏற்றத்தால் மை அதன் வழியே நிப்பின் பிளவுக்கு வருகிறது, பிளவிலிருந்து நுனிக்கு, நுனியிலிருந்து தாளுக்கு. வெளியே போன மையின் அளவுக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி மை நின்றுவிடும். அளவுக்கு மேல் வந்தால் மை சொட்டும். மையும் காற்றும் இப்படி இடம் மாற்றிக்கொள்ளும் நாக்குக்குத்தான் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றார். நாக்கின் இருபக்கமும் சீப்புப் பல் மாதிரி வெட்டியிருப்பது அலங்காரத்துக்கு என்று பலர் நினைக்கிறார்கள். சூடேறியோ காற்றழுத்தம் மாறியோ அதிகமாக இறங்கும் மையைத் தாளில் சொட்டவிடாமல் பிடித்துவைப்பது அந்த இடுக்குகள்தான்.

இது புரிந்தால் பேனா மேல் வரும் புகார்களில் பாதிக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம்.

எழுதத் தொடங்கும்போது நன்றாக வந்து, அரைப் பக்கம் தாண்டியதும் கோடு மெலிந்து வெளுத்துப்போனால் அது மை இறங்குவதில் உள்ள கோளாறு. முதல் இழுப்பு மட்டும் விழாமல் அடுத்த இழுப்பிலிருந்து ஒழுங்காக எழுதினால் அது நுனியில் உள்ள கோளாறு, அல்லது மூடிக்குள் மை காய்ந்துபோவது. இரண்டுக்கும் மருந்து வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் நிப்பைத் தேய்க்க உட்காருகிறவர்கள்தான் நல்ல நிப்பைப் பாழாக்குகிறார்கள்.

மை இறங்காததற்கு அடிக்கடி காரணமாக இருப்பது கன்வெர்ட்டர், அதாவது புட்டியிலிருந்து மை உறிஞ்ச உள்ளே செருகும் சின்னக் குழல். அது ஒடுக்கமாக இருப்பதால் மை பின்பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். வாய்ப்பக்கத்தில் வெறும் காற்று. வெளியே இருந்து பார்த்தால் பாதிக்கு மேல் மை இருக்கும், பேனாவோ எழுதாது. விரலால் இரண்டு தட்டு தட்டினால் இறங்கிவிடும். திரும்பத் திரும்ப இதே கதை என்றால் கன்வெர்ட்டரைக் கழற்றிக் கழுவி, பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலைப் பல்குச்சி நுனியில் தொட்டு உட்சுவரில் தடவிவிட்டுப் பிறகு மை நிரப்புங்கள். சோப்பு மையின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, மை சுவரில் தொங்காது. நுனியில் தொட்ட ஈரம் போதும். சொட்டாக விட்டால் மை நீர்த்து, தாளில் கண்டபடி படரும்.

உடம்புக்குள் நேராக மை ஊற்றும் பேனாக்கள் வேறு ரகம். கன்வெர்ட்டரில் அரை மி.லி. முதல் 1 மி.லி. வரைதான் பிடிக்கும். மை அடைத்தே விற்கும் வழக்கமான சின்னக் குழலான கார்ட்ரிட்ஜில் முக்கால் மி.லி. சொச்சம். நேராக ஊற்றுகிற பேனாவில் 2 முதல் 4 மி.லி. வரை போகும். நாள் கணக்கில் கவலையில்லை. ஆனால் மை குறையக் குறைய உள்ளே காற்று கூடுகிறது. கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும், எழுதிக்கொண்டிருக்கும்போதே நிப்பு வழியாக ஒரு சொட்டு கக்கும். நிரம்பிய பேனா கக்காது, மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போன பேனாதான் கக்கும். அதனால் முக்கால்வாசி காலியாகும்வரை காத்திருக்காமல் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே நிரப்பிவிடுவது நல்லது. மரைகளில் சிலிக்கோன் கிரீஸ் மெலிதாகத் தடவினால் அங்கே கசிவும் இருக்காது. வாஸ்லைன் பெட்ரோலியத்தில் செய்தது, நாளடைவில் ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். கிரீஸ் என்றால் சிலிக்கோன்தான்.

மூடிக்குள் மை காய்வதைக் கண்டுபிடிப்பது எளிது. மூடியைக் கழுவித் துடைத்து, திறந்த பக்கத்தில் வாய் வைத்து ஊதுங்கள். காற்று எங்கிருந்தாவது வெளியேறினால் அந்த வழியாகத்தான் மையின் ஈரமும் போகிறது. கிளிப் செருகியிருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் இடைவெளி இருக்கும். சில மூடிகளில் வேண்டுமென்றே துளை விட்டிருப்பார்கள். சின்னக் குழந்தை விழுங்கிவிட்டாலும் மூச்சு போகட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதை அடைக்காதீர்கள், வேறு மூடி உள்ள பேனாவைப் பாருங்கள்.

நிப்பைப் பார்ப்போம்

நிப்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் துளையிலிருந்து நுனிவரை பிளவு வழியாக முடியளவு வெளிச்சம் தெரிய வேண்டும், அதுவும் நுனியை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போக வேண்டும். வெளிச்சமே தெரியாவிட்டால் பிளவு இறுகியிருக்கிறது, பேனா வறட்சியாக எழுதும். நுனிப்பக்கம் அகலமாகத் தெரிந்தால் யாரோ அழுத்தி எழுதிப் பிளவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மை நுனிவரை வராமல் பாதியிலேயே நின்றுவிடும்.

அடுத்தது நுனி. 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் ஒன்று போதும், நகை பார்க்கிறவர்கள் வைத்திருப்பார்களே, அது. நிப்பை முகத்துக்கு நேராகத் திருப்பி முன்னாலிருந்து பாருங்கள். இரண்டு பாதிகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலேறி இருந்தால் ஒரு திசையில் இழுக்கும்போது மட்டும் கீறும். இதைச் சரிசெய்ய எந்தக் கருவியும் வேண்டாம். மேலேறிய பாதியைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லக் கீழே அழுத்தி நாலைந்து விநாடி பிடித்து விடுங்கள். மறுபடி லூப்பில் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு முறை. குறடு எடுத்தால் கதை முடிந்தது.

பிளவுக்குள் தாளின் நார் சிக்கிக்கொண்டால் கோடு திடீரென்று தடித்து, ஓரம் மயிர் மயிராகத் தெரியும். 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, துளைப்பக்கம் செருகி, நுனியை நோக்கி ஒரே திசையில் இழுத்தால் நார் வந்துவிடும். பிளேடு போடாதீர்கள். பிளவின் உட்சுவரில் கோடு விழுந்தால் அது நிரந்தரம்.

தேய்ப்பது கடைசி வழி. 12000 எண் மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய உப்புத்தாளில், பேனாவில் மை இருக்கும்போதே, அதன் சொந்த எடையைத் தவிர எந்த அழுத்தமும் தராமல், எட்டுப் போட்டு எட்டுப் போட்டுப் பத்துச் சுற்று. நிறுத்தி, எழுதிப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு பத்து. நுனியில் பற்றவைத்திருக்கும் கடின உலோக மணி மிகச் சிறியது, போனால் திரும்ப வராது. வழவழப்பு வேண்டும் என்று தேய்த்துக்கொண்டே போனால் பிளவின் உள் ஓரங்கள் இரண்டும் உருண்டுபோகும். அப்புறம் மை இருக்கும் இடம் தாளைத் தொடாது. முதல் இழுப்பு விழாத நோய்க்கு இதுதான் பெரிய காரணம். தொழிற்சாலையிலேயே அதிகமாக மெருகேற்றி இந்தக் குறையோடு வரும் நிப்புகளும் உண்டு.

தமிழில் எழுதுகிறவர்கள் இதை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம், புள்ளி வைத்துப் பார்த்தால் போதும். ஒரு மெய்யெழுத்துக்கு ஒருமுறை பேனாவைத் தூக்கி, இழுக்காமல் சும்மா தொட்டு எடுக்கிறோம். நுனியில் மை தயாராக இல்லாத பேனா கோட்டை எப்படியோ சமாளித்துவிடும், புள்ளியில் மாட்டிக்கொள்ளும். "க் ங் ச் ஞ் ட் ண் த் ந் ப் ம் ய் ர் ல் வ் ழ் ள் ற் ன்" என்று ஒரு வரி அவசரமாக எழுதிவிட்டுப் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். பதினெட்டும் இருந்தால் நிப் நல்ல நிப். இரண்டு மூன்று விடுபட்டிருந்தால், ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தவர்கள் எவ்வளவு புகழ்ந்திருந்தாலும் நமக்கு அது ஒத்துவராது. (ஓலைச்சுவடிகளில் ஓலை பொத்துவிடும் என்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். நமக்கு அந்தச் சலுகை இல்லை.)

நிப் அளவையும் தமிழை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். இஎஃப், எஃப், எம், பி என்று மெல்லியதிலிருந்து பட்டைக்குப் போகும் வரிசை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் 'இ', 'ஐ', 'ஞ', 'ணை', 'ஔ' போன்றவற்றில் சுழிக்குள் சுழி இருக்கிறது. எட்டு மி.மீ. கோடு போட்ட தாளில் எம் நிப்பால் வேகமாக எழுதினால் ண, ன இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் சுழிகள் அடைந்துவிடும். சின்ன எழுத்தாக எழுதுகிறவர்களுக்கு எஃப், அதைவிடப் பொடி எழுத்துக்கு இஎஃப். ஜப்பானிய நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளைவிடப் பொதுவாக ஒரு படி மெல்லியவை, அங்கே எம் என்றால் இங்கே எஃப் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டை நிப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. தலைப்பு எழுதவும் வாழ்த்து எழுதவும் அதன் நிறமே தனி. குறிப்பெடுக்க மட்டும் அது சரிப்படாது.

கோணம் 45 முதல் 55 பாகைக்குள். செங்குத்தாகப் பிடிப்பது பால்பாயின்ட் பழக்கம், நுனியின் தவறான இடம் தாளைத் தொடும். அழுத்தவும் தேவையில்லை.

கழுவுவதும் நிரப்புவதும்

புதுப் பேனாவைக் கழுவிவிட்டுத்தான் மை நிரப்ப வேண்டும். அச்சில் வார்க்கும்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு நாக்கின் பள்ளங்களில் கொஞ்சம் தங்கியிருக்கும், எண்ணெய் இருக்கும் இடத்தில் மை நிற்காது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரே ஒரு துளி பாத்திரச் சோப்பு, அறைச் சூட்டில். கன்வெர்ட்டரால் ஐந்தாறு முறை உறிஞ்சித் தள்ளிவிட்டு, வெறும் தண்ணீரில் இன்னொரு ஐந்தாறு முறை. பிறகு நிப்பைக் கீழ்நோக்கி மடித்த டிஷ்யூவில் நிறுத்திவைத்தால் மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஈரத்தோடு நிரப்பினால் முதல் இரண்டு பக்கம் வெளுத்து எழுதும், வேறு ஆபத்தில்லை.

சுடுதண்ணீர் கூடாது, பிளாஸ்டிக் நாக்கு கோணிக்கொள்ளும். ஆல்கஹாலும் கூடாது. அக்ரிலிக் உடம்பில் பட்டால் மயிரிழை விரிசல் விடும், பழைய செல்லுலாய்டு இளகும். சானிடைசர் தடவிய ஈரக்கையோடு பேனாவைப் பிடிப்பதும் இதில் சேர்த்திதான்.

ஒரே மையைத் தொடர்ந்து ஊற்றுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். நிறம் மாற்றும்போதெல்லாம் கழுவியாக வேண்டும். இரண்டு கம்பெனி மைகள் உள்ளே கலந்தால் சில சமயம் ஒன்றும் ஆகாது. சில சமயம் அமிலத்தன்மை ஒத்துப்போகாமல் திரிந்து சேறு படியும். எது எதோடு சேரும் என்று தெரிய ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இரண்டையும் கலந்து ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம். பேனாவுக்குள் அந்தச் சோதனை வேண்டாம்.

மை வகை மூன்றை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சாய மை தண்ணீரில் கரையும், கழுவ எளிது, தாளில் தண்ணீர் பட்டால் போய்விடும். நிறமித் துகள் மை தண்ணீருக்கு அசையாது, ஆனால் பேனாவில் காய்ந்தால் சுரண்டத்தான் வேண்டும். அதை வாரக்கணக்கில் எடுக்காமல் போட்டுவைக்கிற பேனாவில் ஊற்றாதீர்கள். மூன்றாவது இரும்பு மை. இரும்பு உப்பும் டானினும் சேர்ந்தது. எழுதும்போது நீலமாக இருந்து, காற்று பட்டு ஆக்சிஜன் சேரச் சேரக் கருத்துக்கொண்டே போகும். அமிலம் உள்ளது என்பதால் எஃகு நிப்பில் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அரிக்கும், தங்க நிப்புக்குக் கவலையில்லை. இந்த மூன்றிலும் சேராத இந்தியன் இங்க் என்ற ஓவிய மையில் பெரும்பாலும் அரக்கு கலந்திருக்கும். அது தொட்டு எழுதும் நிப்புக்கானது, மைப்பேனாவில் ஊற்றினால் நாக்கு அடைத்துப் பேனாவைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

தாள்

மை பின்பக்கம் ஊறினால் எல்லாரும் தாளின் கனத்தைத்தான் குறை சொல்கிறார்கள். கனத்துக்கும் ஊறுவதற்கும் உள்ள உறவு அவ்வளவு நேரானதல்ல. தாள் செய்யும்போது அதன் மேல் பூசும் கஞ்சி போன்ற பூச்சுதான் மையை மேலேயே நிறுத்துகிறது. டொமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாள் 52 ஜிஎஸ்எம்தான், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 52 கிராம். பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும், ஆனால் மை ஊறாது. 80 ஜிஎஸ்எம் நகல் தாளில் பட்டை நிப் தொட்டால் ஊறிவிடும், ஏனென்றால் அது நகல் இயந்திரத்தின் டோனர் பொடியை மனதில் வைத்துச் செய்த தாள். மறுசுழற்சித் தாளில் நார் குட்டையாக இருப்பதால் கோட்டின் ஓரம் வேர் விட்டுப் படரும்.

படர்வது, ஊறுவது, நிழல் தெரிவது மூன்றும் வேறு வேறு. "தாள் சரியில்லை" என்று மொத்தமாக எழுதாமல் எது நடக்கிறது என்று சொல்லிவிட்டால் படிக்கிறவர் தனக்கு எது முக்கியமோ அதை வைத்து முடிவு செய்துகொள்வார். ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறவருக்கு நிழல் ஒரு பிரச்சினையே இல்லை.

ஜிஎஸ்எம் போடாத நோட்டின் கனத்தைக் கண்டுபிடிக்க வீட்டுத் தராசு போதும். ஏ4 தாள் 210 × 297 மி.மீ., ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. பத்துத் தாளை நிறுத்து, வரும் கிராமை 1.6ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். 50 கிராம் வந்தால் 80. ஏ5 என்றால் 3.2ஆல் பெருக்குங்கள்.

இன்னொன்று, பக்கத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் பேனா விட்டு விட்டு எழுதினால் பேனாவையும் தாளையும் திட்டாதீர்கள். மேல்பாதி எழுதும்போது உள்ளங்கை அழுந்திய இடத்தில் கைப்பிசுக்கு ஏறியிருக்கிறது. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. நல்ல தாள் என்று பெயர் எடுத்தவைதான் இதில் அதிகம் படுத்தும்.

மாதிரிப் பக்கம்

ஒரு பேனாவையோ மையையோ பிடித்துப்போய் மற்றவர்களுக்குக் காட்டும்போது பேனாவின் படத்தைவிட மாதிரிப் பக்கம்தான் பேசும். அதில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். மேலே பேனா, நிப் அளவு, மை, தாள், ஜிஎஸ்எம். அடுத்து மெய்யெழுத்து வரி, வழக்கமான வேகத்தில். 'இ, ஐ, ஞ, ண, ழ, ஔ' ஒரு வரி, சுழி அடைகிறதா என்று தெரிய. காதுப் பஞ்சுக்குச்சியை மையில் தோய்த்து ஒரே இடத்தில் ஒரு முறை, இரு முறை, மூன்று முறை பூசிய மூன்று பட்டைகள். மையின் நிறம் எவ்வளவு அடர்த்தியாகிறது என்று அதில் தெரியும்.

காயும் நேரத்துக்கு ஐந்து குறுங்கோடுகள் போட்டு, 5, 10, 15, 20, 30 விநாடியில் ஒவ்வொன்றாக விரலால் இழுங்கள். எந்தக் கோட்டிலிருந்து தீற்றல் இல்லையோ அதுதான் அந்த மைக்கு அந்தத் தாளில் காயும் நேரம். இடக்கையால் எழுதுகிறவர்கள் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான், பெரும்பாலோர் இதைப் போடுவதே இல்லை. கடைசியாக, எழுதி ஒரு நாள் ஆன வரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு நிமிடம் கழித்து ஒற்றி எடுங்கள். பின்பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள், குறை இருந்தால் அங்கேதான் இருக்கும்.

நிறம் உண்மையாக வர வேண்டுமானால் வெயில் நேராக விழாத ஜன்னலோரம். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், பகல் வெளிச்சமும் மஞ்சள் விளக்கும் கலந்தால் எந்த செயலியாலும் சரிசெய்ய முடியாது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். ஃபோனை முகத்தில் ஒட்டுகிற மாதிரி கிட்டே கொண்டுபோகாமல் ஒரு முழம் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள், எழுத்து ஓரங்களில் கோணாது. ஸ்கேனர் என்றால் 300 டிபிஐ போதும். ஆனால் ஒளிரும் இளஞ்சிவப்பும் வெளிர் மஞ்சளும் ஸ்கேனரில் செத்துவிடும், ஊதா பெரும்பாலும் நீலமாகிவிடும். அப்படி ஆகியிருந்தால் படத்தைத் திருத்திக்கொண்டிருக்காமல் "நேரில் இன்னும் ஊதா" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மை காய்ந்த பிறகு படம் எடுங்கள். ஈரத்தில் எல்லா மையும் அழகுதான். இரும்பு மை என்றால் மறுநாளும் ஒரு படம்.

மாதிரிக்கு என்று கையெழுத்தைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. அந்தப் பக்கத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். உறை மேல் முகவரி எழுதிய படமும் அப்படியே. ஃபோன் படத்தில் இருப்பிடத் தகவல் ஒளிந்திருக்கும், பகிர்வதற்கு முன் அதை நீக்கும் வசதி ஃபோனிலேயே இருக்கிறது.

மற்றவை

பென்சிலில் உள்ளது ஈயம் அல்ல, கிராஃபைட்டும் களிமண்ணும். இந்த இரண்டையும் கலந்து சுடும் முறைக்கு பிரான்ஸில் கான்டே 1795இல் உரிமை பெற்றார். களிமண் கூடினால் கெட்டியான ஹெச் பக்கம், கிராஃபைட் கூடினால் மெதுவான, கருமையான பி பக்கம். குறிப்பெடுக்க ஹெச்பியைவிட பி எனக்குப் பிடிக்கும். கை அழுத்தம் பாதியாகிறது, அடிக்கடி சீவ வேண்டும், அவ்வளவுதான். சீவச் சீவ முனை உடைந்துகொண்டே இருந்தால் பென்சில் ஒருமுறை கீழே விழுந்திருக்கும், உள்ளே முழு நீளத்துக்கும் துண்டு துண்டாகியிருக்கும். அதைக் காப்பாற்ற வழியில்லை. மரச்சீவல் சுருளாக வராமல் பொடிப்பொடியாக வந்தால் குற்றவாளி ஷார்ப்னர் பிளேடு. ஒரே திருகுதான், மாற்றிவிடலாம்.

வெள்ளை பிவிசி ரப்பரை அட்டை உறையோடுதான் வைக்க வேண்டும். அதை மெதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய் மாதிரியான பொருள் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்குக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். டப்பாவில் ஸ்கேலோடு ஸ்கேலாக ரப்பர் ஒட்டிக்கிடப்பதற்கு வெயிலைக் குறை சொல்வார்கள். வெயில் வேகப்படுத்துகிறது, அவ்வளவே. ஓரம் ஓரமாகக் கறுத்துப்போன ரப்பரை வேண்டாத தாளில் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் பயன்படுத்தினால் தீற்றல் விழாது.

ஒட்டும் குறிப்புத் தாளை அடியிலிருந்து மேலே உரித்தால் சுருண்டுகொள்ளும், சுருண்டது ஒரு நாள் நிற்காது. பசை இருக்கும் ஓரத்தை ஒட்டிப் பக்கவாட்டில் இழுத்து எடுங்கள், தட்டையாக நிற்கும்.

பைண்டர் கிளிப் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சம் அதிகம். லூயிஸ் பால்ட்ஸ்லி 1915இல் காப்புரிமை பெற்ற அந்த முக்கோண உருவம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. கட்டு மாட்டிய பிறகு இரண்டு கம்பிக் கைகளையும் தாள் மேல் மடித்துவிட்டால் அடுக்கி வைக்கலாம். ஒரு கையின் அடியை விரலால் நெருக்கினால் அது கழன்றே வந்துவிடும், நிரந்தரமாகக் கட்டி வைக்கும் தாள்களுக்கு அந்த வெறும் முதுகு போதும். கிளிப் அகலத்தில் ஏறக்குறைய பாதிதான் அது வாய் திறக்கும் அளவு. 25 மி.மீ. கிளிப்புக்குள் ஒன்றரை செ.மீ. கட்டைத் திணித்தால் வில் தளர்ந்து, அடுத்த முறை பத்துத் தாளைக்கூடப் பிடிக்காது. மெல்லிய அட்டை உள்ள நோட்டில் மாட்டும்போது ஒரு துண்டு அட்டையை மடித்து இடையில் வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பள்ளக்கோடு விழுந்துவிடும்.